நான் கொண்டுவரப்போகும் சம்பளச் சீட்டு

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தொழில் வழிகாட்டி நாளில் பேச வரும்படி நீங்கள் அனுப்பிய அழைப்புக் கடிதம் கிடைத்தது. நான் படித்த பள்ளி. கூப்பிட்டால் வராமல் இருப்பேனா? வருகிறேன். ஆனால் கடிதத்தின் அடியில் பேனாவால் சேர்த்து எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை இந்த மடலுக்கு முன் உட்கார வைத்திருக்கிறது. "முடிந்தால் தங்கள் சம்பளச் சீட்டின் நகலைத் திரையில் காட்டவும். மாணவர்களுக்கு ஊக்கமாக இருக்கும்." தொலைபேசியில் பேசியபோது தலைவரும் அதையே சொன்னார்: "கம்ப்யூட்டர் வேலைக்குப் போனால் எவ்வளவு கிடைக்கும் என்று நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும், அம்மா."

உங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே வேண்டுகோளை வேறு இரண்டு பள்ளிகளிலும் ஒரு கோயில் மண்டபத்திலும் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சம்பளம் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் தாத்தா நம் பினாங்கின் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். என் அம்மா பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஆலை வேலைக்குப் போனவர். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் அங்கேதான் திறந்தது. அடுத்தடுத்து வந்த ஆலைகள் நம் வீட்டுப் பெண்களை பஸ் பஸ்ஸாக ஏற்றிக்கொண்டு போயின. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நுண்ணோக்கி வழியே பார்த்துப் பார்த்து ஒட்டிய கண்கள் அம்மாவுடையவை. நாற்பது வயதில் ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவார். அந்த வீட்டிலிருந்து, மென்பொருள் எழுதும் வேலைக்காகக் குளிர்சாதன அறைக்கு வந்தவள் நான். வீட்டுக் கடனை அடைத்தது என் சம்பளம். ஆகவே நீங்கள் ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்பது புரியாமல் இல்லை.

என்றாலும் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்த பிள்ளைகளோடுதான் நான் இப்போது வேலை செய்கிறேன். அவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கெட்டிக்காரன். மூன்று ஆண்டுகளில் நான்கு நிறுவனங்கள் மாறி எங்களிடம் வந்தான். ஒவ்வொரு தாவலுக்கும் சம்பளம் ஏறியது. ஒருநாள் பகல் சாப்பாட்டின்போது கேட்டான்: "அக்கா, நாம் இங்கே உண்மையில் என்னதான் செய்கிறோம்?" கிண்டலாகக் கேட்கவில்லை. காலையில் ஒரு டிக்கெட், அதாவது செய்ய வேண்டிய வேலையின் குறிப்பு, வரும். முடித்தால் இன்னொன்று வரும். தான் எழுதியதைப் பயன்படுத்தும் ஒரு மனித முகத்தைக்கூட அவன் அதுவரை பார்த்ததில்லை. மூன்று ஆண்டு சமைத்துவிட்டு ஒருவர் சாப்பிடுவதைக்கூடப் பார்க்காத சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதைய எங்கள் நிறுவனத்தின் மென்பொருள், ஆலைத் தொழிலாளர்களின் வருகையையும் சம்பளத்தையும் கணக்கிடுவது. எனவே அடுத்த வாரம் ஒரு மாலை அவனைப் பினாங்குப் பாலம் தாண்டி அழைத்து வந்து, பிறை என்ற ஊரில் ஓர் ஆலை வாசலில், ஷிப்ட் மாறும் நேரத்தில் நிற்க வைத்தேன். கைரேகைக் கருவி முன்னால் நீண்ட வரிசை. துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மாள் விரலை வைக்கிறார், கருவி கத்துகிறது. மறுபடி வைக்கிறார்; மறுபடி கத்துகிறது. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, ஊதி, நெற்றியில் தேய்த்து வைக்கிறார். பல ஆண்டு சோப்புத் தண்ணீரும் இரசாயனமும் ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. திரையில் வருவதோ 'பிழை 04'. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஐந்தாவது முறை ஏற்றுக்கொண்டபோது மணி ஏழைத் தாண்டி இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் தாமதம் என்று அவர் கணக்கில் ஏறும் என்பது அங்கே நின்றவர்களில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பும் வழியில் அவன் பேசவில்லை. மறுவாரம், யாரும் சொல்லாமலே மூன்று மாற்றங்களைச் செய்திருந்தான். முதல் முறை விரல் வைத்த நேரமே வந்த நேரமாகப் பதியும். இரண்டு முறை தவறினால் அட்டை எண்ணைத் தட்டி உள்ளே போகலாம். 'பிழை 04' போய், 'விரலைத் துடைத்துவிட்டு மீண்டும் வைக்கவும்' என்று மலாயிலும் தமிழிலும் வந்தது. அந்தத் தமிழ் வாக்கியத்துக்கு ஒற்று மிகுமா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டான்! அன்று அவன் முகத்தில் இருந்ததைத்தான் உங்கள் மாணவர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். நகல் எடுக்க முடியாததுதான் சிக்கல்.

(அவன் அடுத்த ஆண்டு சிங்கப்பூர் போய்விட்டான். கையில் வருவது மூன்று மடங்கு. குறை சொல்ல மாட்டேன். அவனுக்கும் வீட்டுக் கடன் உண்டு.)

இனி என் கதை. இதில் நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

2024 தைப்பூசம் ஜனவரி 25, வியாழக்கிழமை. முந்தின இரவு பதினொரு மணிக்கு ஆலைக்குள் போன என் சின்னம்மா, காலை ஏழு மணிக்கு வெளியே வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனார். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே, மடித்த தாள் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்தார். "தைப்பூச ராத்திரி வேலை பார்த்ததற்குக் காசு ஏறவில்லை போலிருக்கிறது. நான்தான் தப்பாக எண்ணுகிறேனோ என்னவோ. கம்ப்யூட்டர் போட்ட கணக்குத் தப்பாகுமா?"

அது அவருடைய சம்பளச் சீட்டு. கீழே சிறிய எழுத்தில் இருந்தது எங்கள் மென்பொருளின் பெயர். சின்னம்மாவுக்கு அது தெரியாது.

அந்த ஆலையில் தைப்பூசம் பொது விடுமுறை. நள்ளிரவுக்குப் பிறகான மணி நேரத்துக்கு வழக்கமான கூலியோடு இன்னும் இரண்டு மடங்கு சேர வேண்டும் என்பது அங்கே விதி. அவர் மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட். 26-ஆல் வகுத்து, வந்ததை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 7 ரிங்கிட் 21 சென். ஏழு மணி நேரத்துக்கு இரண்டு மடங்கு என்றால் 100 ரிங்கிட் 94 சென். (சில்லறையை இடையில் திருத்தாமல் கடைசியில் திருத்தினால் 96 சென். இந்த இரண்டு சென்னுக்காக எங்கள் அலுவலகத்தில் ஒரு மாலை முழுவதும் சண்டை நடந்திருக்கிறது. உங்கள் மாணவர்கள் அந்தச் சண்டையை ரசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.) சின்னம்மாவின் சீட்டில் அந்த இடத்தில் இருந்தது சுழியம்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, கணினிக்கு நாங்கள் எழுதும் கட்டளை வரிகளான நிரலைத் திறந்தேன். வழு, அதாவது நிரலில் இருந்த பிழை, உடனே கண்ணில் பட்டது. ஷிப்ட் எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அந்தத் தேதிக்கே எட்டு மணி நேரத்தையும் போட்டிருந்தது. 24-ஆம் தேதி சாதாரண நாள்; ஆகவே விடுமுறைக் கூலி இல்லை. நள்ளிரவு என்று ஒன்று இருப்பதே அந்த வரிக்குத் தெரியவில்லை. எந்த அறிவாளி இதை எழுதியது என்று எரிச்சல். நாங்கள் பயன்படுத்தும் 'கிட்' என்ற கருவியில் 'பிளேம்' என்றொரு கட்டளை உண்டு. தமிழில் சொன்னால் 'பழி'. ஒவ்வொரு வரிக்கும் நேராக அதை எழுதியவரின் பெயரையும் தேதியையும் காட்டும். தட்டினேன். வந்தது என் பெயர். ஆறு ஆண்டுக்கு முந்தைய தேதி. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. எல்லோருக்கும் அதில் சின்னம்மா இருப்பதில்லை.

எனக்குத் தாத்தா நினைவு வந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தோட்டத்தில் எந்த நிரையைப் பார்த்தும், இது யார் வெட்டிய மரம் என்று சொல்வார். பால்வெட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. மரத்தை நெருங்கி ஆழமாக வெட்டினால் பால் கூடுதலாக வடியும். பால் குழாய்கள் உட்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கின்றன. பால் பிடிக்கும் மங்கு நிறையும், அன்றைய எடை ஏறும், கணக்கெழுதும் கிராணி சிரிப்பார். ஆனால் மயிரிழை தாண்டினால் உளி உள்ளே இருக்கும் வளரும் படலத்தைத் தொட்டுவிடும். அங்கே காயம் பட்டால் புதுப்பட்டை வழவழப்பாக வளராது. முண்டும் முடிச்சுமாகத் திரளும். அது அன்றைக்குத் தெரியாது. புதுப்பட்டை தேறி மறுபடி அதே இடத்தில் வெட்ட வரும் ஆள், ஏழெட்டு ஆண்டு கழித்து, உளி ஓடாமல் தடுமாறுவான். யார் என்றே தெரியாத அந்த ஆளுக்காகத் தாத்தா மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டினார். அதற்கு அவருக்கு ஒரு சென்கூட அதிகம் கொடுக்கவில்லை. தோட்டத்து வாழ்க்கையை நான் அழகுபடுத்தவில்லை. அந்தக் கூலி அநியாயமானது, அந்த லயம் மனிதர் குடியிருக்கத் தக்கதல்ல. அதற்குள்ளும் தன் கைவேலையைப் பற்றி அவருக்கு ஒரு மிடுக்கு இருந்தது. அதை அவருக்கு எந்தத் துரையும் கொடுக்கவில்லை. எந்தத் துரையாலும் எடுக்கவும் முடியவில்லை.

நான் ஆறு ஆண்டுக்கு முன் செய்தது ஆழமான வெட்டு. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள், முடித்தேன். பாராட்டினார்கள். மங்கு நிறைந்தது.

வழுவைத் திருத்த எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் உண்மையான வேலை. பழைய பதிவுகளில் எத்தனை பேருக்கு இப்படிப் போயிருக்கிறது என்று எடுத்தேன். அந்த ஓர் ஆலையில் அந்த ஓர் இரவில் மட்டும் நாற்பது பேருக்கு மேல். இதை மேலே சொல்ல வேண்டும். சொன்னால், தவறு என்னுடையது என்று தெரிந்துவிடும். ஒரு பகல் முழுவதும் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மறுநாள் சொன்னேன். மேலாளர் முதலில் கேட்டது, "வாடிக்கையாளர் யாராவது புகார் செய்தார்களா?" யாரும் செய்யவில்லை. செய்யவும் மாட்டார்கள், கம்ப்யூட்டர் போட்ட கணக்கல்லவா? மூன்று கூட்டங்களுக்குப் பிறகு பாக்கி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. சின்னம்மா அந்தக் காசில் எனக்கு ஒரு பெட்டி தவ்சார் பியா பிஸ்கட் வாங்கி வந்தார். சாப்பிடக் கஷ்டமாக இருந்தது.

'கம்ப்யூட்டர் தப்பாகாது' என்ற நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. அங்கே அஞ்சல் துறையின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், இருக்கும் பணத்தை இல்லை என்று காட்டியது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சல் நிலையப் பொறுப்பாளர்கள் திருட்டுக் குற்றத்துக்கும் பொய்க்கணக்குக்கும் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் நம்மைப் போன்ற தெற்காசியக் குடும்பத்தினர் பலர். தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்கச் சட்டம் வந்தது 2024-இல்தான். அந்த நிரலை எழுதிய அறையிலும் நல்ல சம்பளம்தான் கொடுத்திருப்பார்கள்.

வழுவைத் திருத்தியதோடு ஒரு சோதனையும் எழுதி வைத்தேன். யார் அந்த நிரலில் கை வைத்தாலும், மாற்றம் வெளியே போகும் முன், இந்தச் சோதனை தானாக ஓடும். 24-ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் உள்ளே போகிறார், 25-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு வெளியே வருகிறார், அவருக்கு 100 ரிங்கிட் 96 சென் கூடுதலாக வந்ததா? வரவில்லை என்றால் மாற்றம் நின்றுவிடும். சோதனைக்கு நான் வைத்த பெயர் 'சின்னம்மா தைப்பூச இரவு'. வேலையிடத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரை உச்சரிக்க வராது. அந்த நிறுவனத்தை விட்டு நான் வந்தாகிவிட்டது. ஆனால் அங்கே இருக்கும் ஒரு சீன நண்பர் எப்போதாவது செய்தி அனுப்புவார்: "உன் சின்னம்மா இன்று ஒருவனைத் தடுத்துவிட்டார்." இருபது ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த விருதுகளை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இந்தச் செய்திகளை அழிப்பதில்லை.

தலைவர் தொலைபேசியில் இன்னொன்றும் கேட்டார்: "இனி ஏஐ எல்லாவற்றையும் எழுதிவிடுமாமே, பிள்ளைகளை இதில் விடலாமா?" நான் தினமும் அதைப் பயன்படுத்துகிறேன், என்னைவிட வேகமாக எழுதுகிறது, எழுத்துப் பிழை இல்லை. சம்பளத்துக்குச் சேமநிதி பிடிக்கும் நிரலைக் கேட்டுப் பார்த்தேன். 11 விழுக்காட்டை அழகாகப் பெருக்கிக் கொடுத்தது. 1,705 ரிங்கிட் சம்பளத்துக்கு 187 ரிங்கிட் 55 சென். ஆனால் நம் நாட்டில் அப்படிப் பிடிப்பதில்லை. அந்த அளவு சம்பளங்களுக்கு 20 ரிங்கிட் படிகளாக ஓர் அட்டவணை இருக்கிறது. அதன்படி 190 ரிங்கிட். சொன்னவுடன் திருத்திக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. தைப்பூசம் பினாங்கில் விடுமுறை, கிளந்தானில் இல்லை. அதையும் சொன்னால் கேட்டுக்கொள்கிறது. சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும், தவறினால் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு என்ன சம்பளம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனாலும்தான் சம்பளத்தைக் காட்டிப் பிள்ளைகளை அழைக்க மனம் வரவில்லை.

ஊக்கம் தரும் ஆள்தான் வேண்டும் என்றால் நம் நாட்டிலேயே இருக்கிறார். பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல் என்பது உங்கள் மாணவர்களுக்குப் பாடமாகவே தெரிந்திருக்கும். அதே 1985-இல் முத்து நெடுமாறன் தொடங்கியதுதான், கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சல் மென்பொருள். பின்னாளில் கைப்பேசியில் தமிழ் தட்ட அவருடைய செல்லினம் வந்தது. தொண்ணூறுகளில் தமிழில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், அனுப்புபவரிடம் இருக்கும் அதே எழுத்துரு வாங்குபவரிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் கோழி கிளறியது போல இருக்கும். 'கொ' என்று தட்டினால் ஒற்றைக் கொம்பு முன்னால் போய் நிற்க வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இப்போது பாட்டிகள்கூட யோசிக்காமல் தட்டுகிறார்கள். யோசிக்காமல் தட்டும்படி ஆனதற்குப் பின்னால் பல பேருடைய பல ஆண்டுப் பிடிவாதம் இருக்கிறது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்ததுகூட நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாலத்தைக் கடப்பவர்கள் பாலத்தையாவது பார்க்கிறார்கள்.

நானே என் தொழிலில் எல்லா நாளும் பூரித்துப்போய் இருப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பேரங்காடியின் பரிசுப் புள்ளித் திட்டத்துக்காக இரண்டு ஆண்டு எழுதினேன். தொடங்கும் முன்பே மூடிவிட்டார்கள். அதில் எந்த அர்த்தத்தையும் நான் கண்டுபிடிக்கவில்லை, தேடவும் இல்லை. சம்பளம் வந்தது, வாங்கிக்கொண்டேன். இதையும் பிள்ளைகளிடம் சொல்வேன். பன்னிரண்டு வயதுக்கு இது புரியும். வீட்டில் அப்பா அம்மா வேலை முடிந்து வரும் முகத்தை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

ஆக, நான் வருகிறேன். சம்பளச் சீட்டும் கொண்டுவருகிறேன். சின்னம்மாவுடையது, பிப்ரவரியில் அவர் மடித்து வைத்திருந்த அதே தாள். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துவிட்டுத் தர ஒப்புக்கொண்டார். நகல் எடுத்து ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். எங்கே தவறு என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். வகுத்தலும் பெருக்கலும் போதும், கணினி வேண்டாம். என் சீட்டுதான் வேண்டும் என்று செயலவை முடிவு செய்தால் தயவுசெய்து வேறு யாரையாவது அழையுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

திரை தேவையில்லை. கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் இருந்தால் நல்லது. 2024 ஜனவரி நாட்காட்டித் தாள் யார் வீட்டிலாவது கிழிக்காமல் இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள். சின்னம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முந்தின இரவு அவருக்கு ஷிப்ட், ஆலையிலிருந்து நேரே வருவார். மேடைக்கு அருகில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போட்டுவையுங்கள். காலை நேரத்தில் அவருக்குக் கால் வீங்கியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் பள்ளியின் பழைய மாணவி